நோன்புக்கடை அல்வா

லெஸ்கோவட்ஸ் ஊரில் ஒருவன் இறைச்சியை விட்டுவிட்டான் என்றால், ஒன்று அவன் செத்திருக்க வேண்டும். இல்லை, அவன் வீதோமிராக இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கே தெருவுக்கு நாலு கரியடுப்பு மூட்டி, பஸ்ஸை விட்டு இறங்குகிறவனை மூக்கைப் பிடித்து இழுத்துப் போகும் ஊர் அது. அங்கே நாலு வருஷமாக ஒரு துண்டு கறியோ, ஒரு கரண்டி பாலேடோ, ஒரு முட்டையோ தொடாமல் காலம் தள்ளினான் வீதோமிர். வயது ஐம்பத்தேழு. சந்தையில் நோன்புச் சாமான் கடை. வால்நட், உலர்ந்த அத்தி, திராட்சை, தேன், எள்ளை அரைத்துச் சர்க்கரைப் பாகில் பாளமாக இறுக்கிய அல்வா. மிருகத்திலிருந்து வந்த பண்டம் ஒன்றுகூட அந்தக் கடையில் கிடையாது. தேனீயை மிருகமென்று யாராவது வாதாடினால்தான் உண்டு.

பக்தி முற்றிப்போய் அவன் இறைச்சியை விடவில்லை. அப்பா ஐம்பத்தைந்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். அண்ணன் ஐம்பத்தொன்பதில், லாரியிலிருந்து வால்நட் மூட்டையை இறக்கும்போதே போனான். அதற்கடுத்த மாதம் வீதோமிர் ரத்தம் கொடுத்துப் பார்த்தான். ஐந்துக்குள் இருக்க வேண்டிய கொலஸ்ட்ரால் எட்டுக்கு மேல் நின்றது. அப்போதிருந்த கிழ டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "கொழுப்பைக் குறை" என்று ஒரே வார்த்தை சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்கு வீதோமிர் தானாகவே ஒரு உரை எழுதிக்கொண்டான். கடைச் சுவரில் திருச்சபைக் காலண்டர் தொங்கியது. எந்த நாள் எண்ணெய் ஆகும், எந்த நாள் மீன் ஆகும் என்று அதில் குறி போட்டிருக்கும். நோன்புக்கு எது ஆகுமோ அது நெஞ்சுக்கும் ஆகும் என்று அவன் முடிச்சுப் போட்டான். அப்படிப் போடச் சொல்லி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சபை எதற்காக நோன்பு வைத்தது, டாக்டர் எதற்காகக் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார் என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. அவன் வியாபாரி. நல்ல வாசகம் ஒன்று கையில் கிடைத்தால் அதைச் சந்தைக்குக் கொண்டுபோவதுதான் அவன் பழக்கம்.

"ஒரு பொட்டு கொழுப்பு கிடையாது பாட்டி. நோன்புச் சாமான். நெஞ்சுக்கு மருந்து மாதிரி" என்பான், அல்வாக் கத்தியைப் பாளத்தில் அழுத்திக்கொண்டே. "என்னைப் பாரு. எங்க அண்ணன் வயசு நெருங்குது, குதிரை மாதிரி நிக்கிறேன்."

பாதிரியாரே ஒருமுறை வழியில் நிறுத்திக் கேட்டார். "வீதோமிர், ஈஸ்டருக்கு அடுத்த வாரம் மடத்துச் சாமியாரே முட்டை திங்கிறான். நீ யாருக்கு நோன்பு இருக்கிறே?"

"என் நெஞ்சுக்கு, சாமி."

"அது எந்தப் புனிதர்?"

இந்த வாசகத்தை நம்பி வாங்கினவர்கள் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் முழுசாக விழுங்கினவன் ஒருவன்தான். எதிர்க்கடை பிளாகொயே.

பிளாகொயே பாலாடைக்கட்டியும் பாலேடும் விற்பவன். வீதோமிரின் கல்யாணத்தில் தோழனாக நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். அப்படி நின்றவன் அந்த ஊரில் உடன்பிறந்தவனுக்கும் ஒரு படி மேலே. அவனோடு சண்டை போடக்கூடாது, அவன் வீட்டில் பெண் எடுக்கக்கூடாது, பெயர் சொல்லி அழைப்பதுகூடக் குறைச்சல். "கூமே" என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள், முப்பத்திரண்டு வருஷமாக. இரண்டு வருஷத்துக்கு முன் பிளாகொயேவுக்கும் கொலஸ்ட்ரால் ஏறியிருப்பது தெரிந்தது. வீதோமிர் அவனைக் கையோடு பிடித்துத் தன் கடைக்குள் இழுத்து வைத்துப் பேசினான். அன்றிலிருந்து பாலேட்டுத் தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டு எடுத்து விற்பவன் விரலைக்கூட நக்குவதில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டான். பத்து மணிக்கு எதிர்க்கடையிலிருந்து கை நீளத்துக்கு அல்வா, ரொட்டிக்குள் வைத்து. காப்பியோடு மாவில் உருட்டிய ரோஜா மிட்டாய் இரண்டு. மத்தியானம் ரொட்டியும் அவரையும், சாயங்காலம் தேன்.

"கூமே, நீ என் வயித்தைக் கெடுத்துட்டே" என்பான் பிளாகொயே, வாய் நிறைய. "அறுபது வயசுல நான் கன்னியாஸ்திரி மாதிரி திங்கிறேன்."

"கன்னியாஸ்திரிக்கு உன்னளவு தொப்பை இருக்காது."

"இது தொப்பை இல்லே, புண்ணியம். ரெண்டு வருஷமா சேர்த்து வெச்சது."

நவம்பர் இருபத்தெட்டு, ஜனவரி ஏழில் வரும் அவ்வூர்க் கிறிஸ்துமஸுக்கான நோன்பு தொடங்கும் நாள், வீதோமிர் வருஷப் பரிசோதனை முடிவை வாங்கப் போனான். மூன்று நாளாக அவரையும் தண்ணீரும் மட்டும் சாப்பிட்டு ரத்தம் கொடுத்திருந்தான். வருஷா வருஷம் அவன் செய்யும் தந்திரம் அது. அத்திப்பழப் பெட்டியில் மேல் அடுக்கில் கொழுத்த பழங்களை மட்டும் வைப்பதுபோல.

கிழ டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலியில் இப்போது விஷ்ன்யா என்ற பெண் டாக்டர். சிரிக்கிற முகம்தான், ஆனால் சட்டென்று சிரிக்காது.

"கொலஸ்ட்ரால் நல்லா இறங்கியிருக்கு."

"இறங்காம? நாலு வருஷம் டாக்டரம்மா. கல்யாண வீட்டுல எல்லாரும் பன்னி திங்க, நான் முட்டைக்கோஸ் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"காலைச் சர்க்கரை அஞ்சு புள்ளி ஒம்பது. அதுவே கொஞ்சம் மேலதான். ஆனா மூணு மாசச் சர்க்கரை ஆறு புள்ளி மூணு."

"அதென்ன மூணு மாசம்? நான் முந்தாநேத்துதானே ரத்தம் குடுத்தேன்?"

"முதல்ல சொன்னது, நீங்க அன்னிக்கு எப்படி இருந்தீங்கங்கிறது. இது, மூணு மாசமா எப்படி இருந்தீங்கங்கிறது."

மேல் அடுக்கைப் பார்த்து ஏமாறாமல் பெட்டியின் அடிவரை கைவிட்டுத் துழாவுகிற வாடிக்கையாளர்கள் சந்தையில் உண்டு. அவர்களைக் கண்டாலே வீதோமிருக்கு ஆகாது. இந்த டாக்டர் அந்த ரகம். ஆனாலும் அவன் பேரத்தை விடவில்லை.

"சர்க்கரை வியாதின்னு எங்கே இருந்து கணக்கு?"

"ஆறரையில இருந்து."

"நான் ஆறு புள்ளி மூணு. அப்ப எல்லைக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். பல்கேரியா எல்லையில தாண்டாத லாரியை யாரும் சோதனை போடமாட்டாங்களே."

"அந்த எல்லை சர்க்கரை வியாதிக்குப் போட்டது" என்றாள் விஷ்ன்யா. "உங்க நெஞ்சுக்கு யாரும் எல்லை போடல. கொலஸ்ட்ரால் உள்ளவங்க உடம்புல ரத்தக்குழாய் ஏற்கெனவே ஒரு பக்கம் அடி வாங்குது. அதுல சர்க்கரையும் ஏறினா, அது வியாதின்னு பேர் வாங்குறதுக்கு முன்னாடியே மறு பக்கம் அடிக்க ஆரம்பிச்சிடும். உங்க அப்பா, அண்ணன் கதையும் இதுல எழுதியிருக்கு. ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுறீங்க? காலையிலிருந்து சொல்லுங்க."

சொன்னான். பெருமையாகத்தான் சொன்னான். ரொட்டி, பிளம் ஜாம், தேன், அல்வா, உருளைக்கிழங்கு, மறுபடி ரொட்டி, ஆப்பிள் வைத்த நோன்புப் பணியாரம், உலர்ந்த அத்தி. அவள் பேனா பாதியிலேயே நின்றுவிட்டது.

"இதுல கொழுப்பு எங்கே இருக்கு, காட்டுங்க" என்றான்.

"இதுல சர்க்கரை எங்கே இல்லேன்னு நீங்க காட்டுங்க."

இருக்கிற கறியை எல்லாம் விட்டுவிட்டு, அந்த இடத்தை அவன் எதைக் கொண்டு நிரப்பினான் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"மாத்திரையை விடாதீங்க. ரொட்டியைப் பாதியாக்குங்க. அல்வா, தேன், ஜாம் வேண்டாம். மீன், அவரை, கீரை, ஒரு கை வால்நட் சாப்பிடலாம். தினமும் நடங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க. இப்பவே கண்டுபிடிச்சது நல்லது, திரும்பி வர வழி இருக்கு." அவன் எழுந்துகொள்ளும்போது அவள் கேட்டாள்: "எங்கம்மா உங்க கடையிலதான் தேன் வாங்குவாங்க. நெஞ்சுக்கு நல்லதுன்னு நீங்க சொன்னதா சொன்னாங்க. உங்க பேச்சைக் கேட்டு வேற யாராவது இப்படியே சாப்பிடுறாங்களா? கொலஸ்ட்ரால் உள்ளவங்க யாராவது?"

"யாரும் இல்லே டாக்டரம்மா" என்றான் வீதோமிர்.

பொய் சொல்வதில் அவன் புதியவன் அல்ல. போன வருஷத்து வால்நட்டை இந்த வருஷத்தது என்று கண்ணிமைக்காமல் சொல்வான். ஆனால் அந்தப் பொய்யெல்லாம் சொன்ன இடத்திலேயே கிடக்கும். இது அவன் பின்னாலேயே படியிறங்கி, பாலம் தாண்டி, சந்தை வரைக்கும் வந்தது.

மணி பத்து. எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது.

"என்ன கூமே, பாஸா ஃபெயிலா?"

"பாஸ். கொலஸ்ட்ரால் இறங்கிடுச்சு."

"பார்த்தியா! அப்ப எனக்கும் இறங்கியிருக்கும். வெட்டு, பெரிசா வெட்டு. இன்னிக்கு நோன்பு ஆரம்பம், சாமி கணக்கு எழுதுற நாள்."

கத்தி கையில் இருந்தது. கடை முன்னால் ஏழெட்டுப் பெண்கள் நோன்புச் சாமானுக்கு நின்றார்கள். ஆறு வாரம் அவன் கடைக்கு அறுவடை. பிளாகொயேவின் கடை முன்னால் ஈ. இந்த ஏழெட்டுப் பேர் காதுபட, "அல்வா வேண்டாம் கூமே, உன் சர்க்கரையைப் பார்" என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பெரிசாகவே வெட்டிக் கொடுத்தான்.

சாயங்காலம் பிளாகொயே சீக்கிரம் போய்விட்டான். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் சொல்ல வாயெடுத்தபோது, பிளாகொயே ஒரு கிழவரிடம், "என் கூம் இல்லேன்னா நான் போன வருஷமே போயிருப்பேன். என் உசுரைக் காப்பாத்தினது இந்த ஆளு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குப்பின் எப்படி ஆரம்பிப்பது? தன் பங்கு அல்வாவை மட்டும் வீதோமிர் நிறுத்திக்கொண்டான். கேட்டதற்குப் பல்வலி என்றான்.

அதுவரை பார்த்தும் பார்க்காமல் இருந்ததெல்லாம் இப்போது கண்ணில் குத்த ஆரம்பித்தது. பிளாகொயேவின் மேடைக்குக் கீழே எப்போதும் தண்ணீர்க் குடுவை இருந்தது. காலையில் நிரப்புவான், பதினொரு மணிக்குள் காலி, மறுபடி நிரப்புவான். "பாலாடைக்கட்டி உப்பு, மூக்கு வழியா ஏறுது" என்பான். கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் எதிர்க்கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வான்; மணிக்கு ஒருதரம். கால்விரல் எரிகிறதென்று குளிரிலும் பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தி வைத்திருப்பான். இதையெல்லாம் வைத்து வீதோமிர் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறான். "உனக்குப் பால் ஊறுற காலம் போய் தண்ணி ஊறுற காலம் வந்திருச்சு" என்று சொல்லிச் சந்தையையே சிரிக்க வைத்திருக்கிறான். இப்போது குடுவை நிரம்பும் சத்தம் கேட்டால் அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டில் மனைவி ஸ்தமெங்காவிடம் மறைக்க முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகக் கூட இருப்பவள். ரொட்டி மீதமாவதைப் பார்த்தே பிடித்துவிட்டாள். பரிசோதனைக் காகிதத்தைக் காட்டினான்.

படித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். "கூமுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்றேன். குலப்புனிதர் நாள் முடியட்டும்."

"ஏன், புனிதர் நிக்கோலாஸ் வந்து சொல்லிக் குடுக்கணுமா?"

"நோன்பு நேரம் ஸ்தமெங்கா. கடையில கூட்டம். நான் நாலு வருஷமா ஊருக்கே சொன்னதை நானே..."

"அதைச் சொல்லு. அதுதான் விஷயம்." அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உன் வாய்க்கு ஒரு குடை இருக்கு வீதோ. வெயில்னா விரிக்கிறே, மழைன்னா மடக்கிடுறே."

டிசம்பர் பத்தொன்பது வந்தது, வீதோமிரின் குடும்பத்தைக் காக்கும் புனிதர் நிக்கோலாஸின் திருநாள். நிக்கோலாஸ் நாள் எப்போதும் நோன்புக்குள்தான் விழும். அதனால் மேசையில் கறி இராது. வறுத்த கெண்டை, வெங்காயத்தோடு அடுப்பில் வாட்டிய அவரை, வால்நட் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ், பதினான்கு வகை நோன்புப் பலகாரம். அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக்கூடாது. காலை முதல் கடைசி விருந்தாளி போகும்வரை நின்றே உபசரிக்க வேண்டும். வாசலில் வருகிறவருக்கு முதலில் படையல் கோதுமை. வேகவைத்து அரைத்து, சர்க்கரையும் வால்நட்டும் பிசைந்து, குன்றுபோலக் குவித்து மேலே வெள்ளைச் சர்க்கரை தூவியிருக்கும். ஒரு கரண்டி எடுத்து, சிலுவை போட்டு, வாயில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அதை வேண்டாமென்று சொன்ன விருந்தாளியும் கிடையாது. வேண்டாமென்று தடுத்த வீட்டுக்காரனும் கிடையாது.

வழக்கம்போலக் காலையிலேயே பிளாகொயே வந்தான், மனைவி ஸகோர்காவோடு. மாடிப்படி இரண்டு மாடிதான். கதவுக்கு வந்ததும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது. குளிர்காலத்தில் நெற்றியில் வேர்வை.

"கிழடு தட்டிடுச்சு கூமே. உன் புனிதரைத் தரைத்தளத்துக்கு இறங்கச் சொல்லு."

"உக்காரு முதல்ல."

"கோதுமை திங்காம உக்காரவா? ஏன், என் மேல கோவமா?" கரண்டியை எடுத்தான். சிலுவை போட்டான். ஒன்று. வருஷா வருஷம் அவன் அடிக்கும் கூத்து இனிமேல்தான்: ஒன்று தனக்கு, ஒன்று வராத பிள்ளைகளுக்கு, ஒன்று நிக்கோலாஸுக்கு என்று மூன்று கரண்டி குவித்துத் தின்பான். உள்ளே வந்திருந்த உறவெல்லாம் சிரிக்கத் தயாராக இருந்தது.

"ரெண்டாவது, என் பிள்ளைங்களுக்கு" என்று குவித்து எடுத்தான்.

வீதோமிர் தட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போதும்" என்றான்.

கரண்டியிலிருந்து சர்க்கரை உதிர்ந்தது. சிரிப்புக்குத் திறந்த வாய்கள் அப்படியே நின்றன. பிளாகொயே தன் மணிக்கட்டைப் பார்த்தான், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான், கடைசியாக முகத்தைப் பார்த்தான்.

"படையலை என் கையிலிருந்து பிடுங்குறியா?"

"பிடுங்கல கூமே. உன் சர்க்கரையை நீ பார்க்கணும். நான் சொல்ல நினைச்சேன்..."

"சாமி முன்னாடி? கூமையா?" கரண்டியைத் தண்ணீர்க் கிளாஸில் போட்டான். சத்தம் வராமல் மெல்லத்தான் போட்டான். "ஸகோர்கா, கோட்டை எடு."

ஸ்தமெங்கா படி வரைக்கும் ஓடினாள். வீட்டுக்காரன் நின்ற இடத்திலேயே நின்றான். அன்று அவனுக்கு உட்காரும் உரிமையும் கிடையாது, விருந்தாளியை விட்டு வெளியே போகும் உரிமையும் கிடையாது. மாலை ஏழு மணிவரை தட்டு பிடித்து நின்றான். பாதிரியார்கூட, "முகத்துல என்னப்பா, நோன்பு ரொம்ப ஏறிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சந்தை திறந்ததும் அவன் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனான். பிளாகொயேவின் மேடையில், வேறு ஒரு கடைக்காரனின் காகிதத்தில் சுற்றிய அல்வா இருந்தது. வேண்டுமென்றே கண்ணில் படும்படி.

வீதோமிர் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர், மூன்று மாசச் சர்க்கரை, எல்லைக்கு முன்னாலேயே தொடங்கும் அடி, தண்ணீர்க் குடுவை, கால் எரிச்சல். பேரம் இல்லாமல், ஜோடனை இல்லாமல் அவன் வாழ்க்கையில் ஒரு விஷயத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிளாகொயே பாலாடைக்கட்டியை அடுக்கிக்கொண்டே கேட்டான்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"நோன்பு ஆரம்பிச்ச அன்னிக்கு."

அடுக்கிய கை நின்றது. "நேத்தோட இருபத்தொரு நாள்."

"ஆமா."

"இருபத்தொரு நாள் பல்வலின்னு சொல்லி நீ நிறுத்திட்டே. எனக்கு வெட்டிக் குடுத்தே."

"ஆமா கூமே."

"கொலஸ்ட்ரால்காரனுக்குச் சர்க்கரை எமன்னு தெரிஞ்சும்."

"ஆமா."

பிளாகொயே அந்த வேறு கடை அல்வாப் பொட்டலத்தை எடுத்து, வாசலில் நின்ற குப்பைக் கூடையில் போட்டான். கோபத்தில் போட்டானா, சம்மதித்துப் போட்டானா என்று வீதோமிருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"கிறிஸ்துமஸ் முடியட்டும், ரத்தம் குடுத்துப் பார்க்குறேன்."

"இன்னிக்கே வா. நான் கூட வர்றேன். டாக்டரம்மாகிட்ட சொல்லி..."

"இந்த ஆறு வாரமும் எனக்கு ஈ ஓட்டுற பிழைப்பு. நோன்பு முடியுறப்ப ஊரே பாலேட்டுக்கு வந்து நிக்கும். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் நான் வருஷம் பூரா இந்தக் குளிர்ல நிக்கிறேன். உன் சீசன் முடியுற வரைக்கும் நீ வாயை மூடிக்கிட்டு இருந்தேல்ல? என் சீசன் முடியுற வரைக்கும் என் சர்க்கரை பொறுத்துக்கும்." அவன் குரலில் இப்போது கொஞ்சம் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "போ. உன் கடையில பாட்டிங்க நிக்கிறாங்க. போய் நெஞ்சுக்கு மருந்து வித்துக்கோ."

அதற்கு மேலே வற்புறுத்த வீதோமிருக்கு வாயில்லை. அவன் போட்ட கணக்கையே பிளாகொயே அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். தினமும் ஒருமுறை தெருவைக் கடந்து போய், "இன்னிக்குப் போலாமா?" என்று கேட்டான். தினமும் ஒரு பதில் வந்தது. "ஆறாந்தேதிக்கு மேல." "எட்டாந்தேதி, சத்தியம்." "ஸகோர்கா வேற உன்ன மாதிரியே பிடுங்குறா. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கட்டிக்கிட்டீங்களா?" அல்வாவை அவன் தொடவில்லை என்பது மட்டும் வீதோமிருக்குத் தெரிந்தது. பத்து மணிக்கு ஒரு கை வால்நட் கொண்டுபோய் மேடையில் வைப்பான். பிளாகொயே நன்றியும் சொல்லமாட்டான், திருப்பியும் தரமாட்டான். தின்றான்.

ஜனவரி ஐந்தாம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்கு, பாலேட்டுக்கு நின்ற வரிசை மீன்காரன் கடைவரை நீண்டிருந்தபோது, பிளாகொயே வண்டியிலிருந்து இரண்டாவது தொட்டியை இறக்கினான். மேடையில் வைத்தான். "தோள்பட்டை இத்துப்போச்சு" என்று முன்னால் நின்ற பெண்ணிடம் சொன்னானாம். நெஞ்சு வலிக்கிறதென்று அவன் சொல்லவே இல்லை. தண்ணீர்க் குடுவையை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை.

வீதோமிர் தெருவைக் கடப்பதற்குள் ஆள் சுற்றி நின்றுவிட்டார்கள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பிளாகொயேவின் மீசையில் வால்நட் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். பதினேழு; இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கு. எல்லையைத் தாண்டிப் பல வருஷம் ஆகியிருக்கும், யாரும் சோதனை போடவில்லை. அவர்கள் இருபது நிமிஷம் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

நாற்பதாம் நாள் கல்லறையில் பனி பாதி கரைந்து சேறாகக் கிடந்தது. ஸகோர்கா கோதுமை வேகவைத்து எடுத்து வந்திருந்தாள். விருந்துக்கு என்ன கோதுமையோ, செத்தவனுக்கும் அதே கோதுமை. அதே வால்நட், அதே சர்க்கரை. ஒவ்வொருவராக ஒரு கரண்டி எடுத்து, "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லி, கரண்டியைத் தண்ணீர்க் கிளாஸில் போட்டு நகர்ந்தார்கள். வீதோமிரின் முறை வந்தது. தட்டு அவன் முன்னால் நின்றது, அவன் கை எழவில்லை.

"எடு கூமே" என்றாள் ஸகோர்கா.

"எனக்கு இதுக்கு உரிமை இல்லே, கூமா."

"அன்னிக்கு உன் வீட்டிலிருந்து வந்ததும் என்ன சொன்னான் தெரியுமா? ராத்திரி பூரா திட்டினான். விடியக்காலம் எழுந்து உக்காந்துக்கிட்டு, 'அறுபது வருஷத்துல என் வாய்க்குப் போற கரண்டியை ஒருத்தனும் தடுத்ததில்லே. அவன் தடுத்தான்னா அவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு' அப்படின்னான். ரத்தம் குடுக்க எட்டாந்தேதின்னு எழுதி வெச்சிருந்தான். காலண்டர்ல வட்டம் போட்டிருக்கான், உன் கடைக் காலண்டர்தான், நீ குடுத்தது." அவள் குரல் சமமாகவே இருந்தது. "நீ முதல் நாளே சொல்லியிருந்தா அவனுக்கு இன்னும் இருபத்தொரு நாள் இருந்திருக்கும். அதுக்குள்ள போயிருப்பானா, போயிருக்க மாட்டானா, எனக்குத் தெரியாது. பிடிவாதக்காரன். உனக்கும் தெரியாது. அந்தத் தெரியாததை நான் ஒருத்தியே சுமக்க மாட்டேன். பாதி உன்னுது. எடு."

அவன் ஒரு கரண்டி எடுத்தான். கோதுமை இனித்தது. கரண்டியைக் கிளாஸில், சத்தம் வராமல், மெல்லப் போட்டான்.

அடுத்த வாரம் பெரிய நோன்பு தொடங்க இருந்தது. சந்தையில் மறுபடி நோன்புச் சாமான் கூட்டம். எதிர்க்கடை தார்ப்பாய் மூடிக் கிடந்தது. பெர்சிதா என்ற கிழவி, பழைய வாடிக்கை, பையை விரித்தபடி வந்து நின்றாள்.

"அல்வா ஒரு கிலோ வெட்டு வீதோமிர். வீட்டுக்காரருக்கு. அவருக்கும் கொலஸ்ட்ராலாம், டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே நோன்புச் சாப்பாடுதான், சுத்தமா."

கத்தி பாளத்தின்மேல் நின்றது.

"சர்க்கரை பார்த்தாரா?"

"அதெதுக்கு? அவருக்குக் கொலஸ்ட்ரால்தானே?"

"மூணு மாசச் சர்க்கரைன்னு ஒண்ணு இருக்கு பாட்டி. அதைப் பார்க்கச் சொல்லுங்க. கொலஸ்ட்ரால் இருக்கிறவருக்கு இது நல்லதில்லே." கத்தியை எடுத்துத் துடைத்து வைத்தான். "இது நோன்புக்கு ஆகும். நெஞ்சுக்கு ஆகாது."

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெர்சிதா பையை மடிக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை.

"போன வருஷம் இதே இடத்துல நின்னு நெஞ்சுக்கு மருந்துன்னு சொன்னது யாரு?"

வீதோமிர் தார்ப்பாய் மூடிய கடையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நான்தான்" என்றான். எல்லோர் காதிலும் விழும்படியாகவே சொன்னான்.